மூன்றாவது அடியில் மிதி

அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக் கூடத்தில், என் நாற்காலியில், என் டம்ளரில் காப்பி குடித்துக்கொண்டு, முன்பின் பார்த்திராத ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்தவர் அவர்தான்.

"ஏனுங்க அம்மிணி, ஒருத்தர் ஊட்டுக்குள்ள வரோணும்னா ஒரு குரல் குடுத்துட்டு வர மாட்டீங்களா?" என்றார்.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது என் தொழில். கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் வேலை. மோட்டார் ஓடவில்லை என்று எழுதுகிற விவசாயிகளிடம், எது முதலில் நின்றது, எது அடுத்து நின்றது என்று கேட்டுப் பதில் போடுவேன். ஆகவே அந்தப் பதற்றத்திலும் வரிசை தவறவில்லை. முதலில் கதவைப் பார்த்தேன், உடைபடவில்லை. அடுத்து ஜன்னல், ஏழாவது மாடி ஜன்னல் வழியாக யாரும் வர முடியாது. அதற்கடுத்துதான் ஆளைப் பார்த்தேன். கட்டம் போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா, முகத்தில் திருட்டுக் களையே இல்லை.

"சார், இது என் வீடு."

"என்ற ஊடுங்க. டி பிளாக், எழுநூத்தி நாலு."

"நம்பர் சரி. ஆனா இது சி பிளாக்."

அவர் மெதுவாகச் சுற்றிலும் பார்த்தார். முகம் தெளிந்தது.

"அட, அதானா சோபாவைக் காணோம்! என்ற ஊட்டுக்காரி ஊருக்குப் போறப்ப எதையாச்சும் நகத்திப் போட்டுட்டுத்தான் போவாளுங்க. இந்தவாட்டி மொத்தமா வித்துப்போட்டாளாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். செடிக்கெல்லாம் தண்ணிகூட ஊத்திட்டனுங்க."

"அது பிளாஸ்டிக் செடி."

"அதானுங்க பாத்தேன். அவ போயி இத்தன நாளாச்சு, ஒரு எலைகூட வாடலியே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கேட்டேன்: "அது இருக்கட்டும் சார், கதவு எப்படித் திறந்தது?"

"வார்த்தை வந்துச்சு, படிச்சேன், தொறந்துச்சு. தொறந்தா நம்மூடுதானுங்களே?"

சிரிப்பு அங்கே நின்றது. ஏனென்றால் அது நாவடிப் பூட்டு. அது என் வாய்க்கு மட்டும்தான் திறக்க வேண்டும்.

நாவடி வந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். யாருடைய குரலையும் இயந்திரம் அச்சாகப் பேசிக்காட்டத் தொடங்கிய பிறகு, போனில் அழுவது சொந்தப் பிள்ளையா என்று பெற்றவர்களுக்கே சந்தேகம் வந்த காலத்தில், நாவடி வந்தது. வீட்டுக் கதவு, அலுவலகம், பேருந்து, போன் எல்லாமே அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டன. எங்கள் குடியிருப்புக்கு அதை விற்க வந்த பெண் மூச்சு விடாமல் விளக்கினாள்:

"குரலை யார் வேணா காப்பியடிக்கலாம் மேடம். ஆனா நீளமான ஒரு இங்கிலீஷ் வார்த்தையை எந்த அசையில உடைக்கிறீங்க, எந்த அசையை அழுத்துறீங்க, அழுத்துறதுக்கு முன்னாடி எவ்வளவு தயங்குறீங்க, இது சின்ன வயசுல படிஞ்சு போனது. சாகுற வரைக்கும் மாறாது. ஒவ்வொரு தடவையும் கதவுல புது வார்த்தை வரும், அதனால ரெக்கார்ட் பண்ணியும் ஏமாத்த முடியாது."

"எனக்கு இங்கிலீஷ் உச்சரிப்பு அவ்வளவு சரியா வராதும்மா."

"அது இன்னும் நல்லது மேடம்! சரியாப் பேசுறவங்க எல்லாம் ஒரே மாதிரி இருப்பாங்க. தப்புதான் ஆளுக்கு ஆள் வேற."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் நாவடியில் சேர்ந்தேன். என் தப்புக்கு முதன்முறையாக ஒரு மரியாதை கிடைத்த சந்தோஷம்.

அந்த மனிதரின் பெயர் குழந்தைவேலு. காங்கேயத்துக்காரர். கறிக்கோழிக் கம்பெனியில் மேற்பார்வையாளர். முறைப்படி எதிர்ச் சோதனையும் செய்துவிட வேண்டும் என்று, அவரை அழைத்துக்கொண்டு டி பிளாக்குக்குப் போனேன். அவர் வீட்டுக் கதவில் 'கம்யூனிகேஷன்' என்று வந்தது. படித்தேன். கதவு திறந்தது.

உள்ளே, கையில் கரண்டியோடு, அப்போதுதான் ஊரிலிருந்து திரும்பியிருந்த அவர் மனைவி தெய்வானை நின்றிருந்தார். முன்னால் நான். என் தோளுக்குப் பின்னால் அவர் கணவர்.

"கோழிக்குத் தீவனம் பாக்கப் போறேன்னு போன்ல சொல்லிட்டு, நீங்க என்ன பாத்துட்டு வாரீங்க?" என்றார் தெய்வானை.

"தெய்வான, நீ நெனைக்கிற மாதிரி இல்ல. இந்த அம்மிணி ஊட்டுல போயி காப்பி போட்டுக் குடிச்சேன், அவ்வளவுதான்."

"இங்க காப்பி போடுன்னா டிகாஷன் எங்கிருக்குன்னு தெரியாது. அங்க தெரிஞ்சுதாக்கும்?"

நான் வரிசையாகச் சொன்னேன். தெய்வானை நம்பவில்லை. எங்கள் இரண்டு பேரையும் வாசலில் நிறுத்தி, மாற்றி மாற்றிப் படிக்கச் சொன்னார். கதவு சாத்தும், திறக்கும். சாத்தும், திறக்கும். நாலைந்து வார்த்தை போனதும் அவர் கரண்டியால் எங்கள் கால்களைச் சுட்டிக்காட்டினார்.

"அதெல்லாம் சரி. ரெண்டு பேரும் எதுக்கு எடது கால ஒதைக்கிறீங்க?"

நானும் குழந்தைவேலுவும் குனிந்து எங்கள் கால்களைப் பார்த்தோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்தோம். ஒரே மூச்சில் இரண்டு பேர் வாயிலிருந்தும் வந்தது:

"சிங்காரம் சார்!"

சிங்காரம் சார் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்தார். கூடவே அணிவகுப்புக்கும் அவர்தான் பொறுப்பு. இரண்டுக்கும் தனித்தனியாக நேரம் ஒதுக்க அவருக்கு மனமில்லை. நீளமான வார்த்தைகளை மைதானத்தில் நடக்கவிட்டுக் கற்றுக்கொடுத்தார். ஓர் அசைக்கு ஓர் அடி. "வார்த்தை நீளமா இருந்தா பயப்படாதே, அது மேல நடந்து போ. மூணாவது அடியில மிதி!" என்பார். மூன்றாவது அடி இடது கால். அந்த மிதியோடு பெரிய டிரம் 'தும்' என்று விழும். யூ-னி-தும்-வர்ஸிடி. எ-லெக்-தும்-ட்ரிஸிடி. எல்லாவற்றுக்கும் அதே 'தும்'. சில வார்த்தைகளுக்கு அது தற்செயலாகச் சரியாக விழுந்தது. 'ஆப்பர்ச்சூனிடி' யாரிடம் கேட்டாலும் மூன்றாவதில்தான் அழுந்தும். 'கம்யூனிகேஷன்' பாவம், நான்காவதில் அழுந்த வேண்டியது, எங்களிடம் 'னி'யில் மிதிபட்டது.

"எங்களுக்கு முசிறியில எடுத்தார் சார்."

"அதுக்கு முந்தி எங்களுக்குக் காங்கேயத்துலங்க. டிரம் சத்தம் தாங்காம ஹெட்மாஸ்டர் மாத்தல் வாங்கிக் குடுத்தனுப்புனாரு."

"எங்க ஹெட்மாஸ்டரும் அப்படித்தான் அனுப்பினார்!"

தெய்வானை சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. அன்று இரவுச் சாப்பாடு எனக்கு அங்கேதான். சாப்பிடும்போது மூன்று பேருமாக 'கேரக்டரிஸ்டிக்' என்ற வார்த்தையின் மேல் நடந்து பார்த்தோம். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார்.

என் தவறு மறுநாள் தொடங்கியது. ஒரு பூட்டு இரண்டு பேருக்குத் திறந்தால் கம்பெனிக்கு எழுதிப்போட வேண்டும் என்று நினைத்தேன். எழுதிப்போட்டேன். எது முதலில் திறந்தது, எது அடுத்துத் திறந்தது என்று ஒழுங்காக.

பதில் உடனே வந்தது. இரண்டு நாவடிகளும் ஒன்று. இரண்டு பேருக்கு ஒரே நாவடி இருக்க இயலாது. ஆகவே ஒருவர் அசல், மற்றவர் நகல். குழந்தைவேலு முதலில் பதிந்தவர், அசல். பொற்கொடி, அதாவது நான், நகல். வெள்ளிக்கிழமை மாலையோடு நகல் நீக்கப்படும். ஆட்சேபம் இருந்தால் அன்று காலை நேரில் வரலாம்.

அதுவரை நான் குழந்தைவேலுவாக இருந்தேன். எங்கள் கம்பெனி வாசல் கதவு, "வருக, குழந்தைவேலு" என்றது. பொற்கொடி வேலைக்கு வரவில்லை என்று என் மேஜைக்கே குறிப்பு வந்தது. பேருந்தில் ஏறினால், "தெய்வானையின் பிறந்தநாள் நெருங்குகிறது, பரிசு வாங்கிவிட்டீர்களா?" என்று தேன் குரலில் கேட்டது. வாங்கினேன். தெய்வானைக்கு அந்தப் புடவை மிகவும் பிடித்திருந்தது. நிஜக் குழந்தைவேலுவுக்குத்தான் திட்டு விழுந்தது.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையில்லாதது முசிறியில் இருந்தது. அம்மா அங்கே தனியாக இருக்கிறாள். தினமும் சாயங்காலம் பேசுவோம். திங்கட்கிழமை போனில் வந்த வார்த்தையைப் படித்துவிட்டு நான் "அம்மா" என்றதுமே போனுக்குள் ஒரு பெண் குரல் குறுக்கிட்டது: "எச்சரிக்கை. இது திருட்டுக் குரல். உங்கள் மகள் அல்ல. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இந்த அழைப்பு இணைக்கப்படாது."

அம்மா சற்று யோசித்தாள்.

"திருட்டுக் குரலோ என்னவோ," என்றாள். "சாப்டியா?"

"சாப்டேம்மா."

"என்ன கொழம்பு?"

"வத்தக்குழம்பு."

"அவதான்," என்றாள் அம்மா, அந்தப் பெண் குரலிடம்.

ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவும் வழி இருக்காது. சரி, என் அழுத்தத்தை மாற்றிக்கொண்டால் என்ன என்று அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குழந்தைவேலுவும் வந்தார். இடது காலை நாற்காலியோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு, நான்காவது அசையில் அழுத்திப் பழகினேன். நாற்காலி நகர்ந்ததே தவிர அழுத்தம் நகரவில்லை. தெய்வானைதான் நியாயமாகக் கேட்டார்:

"சாகுற வரைக்கும் மாறாதுன்னு அவங்களே சொல்றாங்க. அப்ப, நீ மாத்திக் காட்டுனா திருடின்னு ஆயிருமே கண்ணு?"

மாற்றினால் திருடி. மாற்றாவிட்டால் நகல். துண்டை அவிழ்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் இரண்டு பேரும் நாவடிக் கம்பெனிக்குப் போனோம். விசாரணை அறை நான்காவது மாடியில். போன்களை வெளியிலேயே ஒரு தட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். போன் மூலம் பொய்க் குரல் வரலாமாம். அறைக் கதவில் 'ரெஸ்பான்ஸிபிலிடி' வந்தது. குழந்தைவேலு படித்தார். மூன்றாவது அடியில் மிதித்தார். "வருக, குழந்தைவேலு." அவர் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது. நான் படித்தேன். "வருக, குழந்தைவேலு."

பிறகு விசாரணை அதிகாரி வந்தார். மதுரவல்லி மேடம். பருத்திப் புடவை, உயரமான செருப்பு, ஒரு முடிகூடக் கலையாத தலை. அவருக்கு முன்னால் பெஞ்சமின் என்கிற உதவியாளர் ஓடிவந்து வார்த்தையைப் படித்துக் கதவைத் திறந்துவிட்டார். தண்ணீர் பாட்டிலையும் கோப்பையும் மேஜையில் வைத்துவிட்டு வெளியேறினார். கதவைத் திறக்கவும் ஓர் ஆள். பெரிய பதவிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மேடத்தின் ஆங்கிலம் செய்தி வாசிப்பதுபோல் இருந்தது. ஒவ்வொரு அசையும் சலவைக்குப் போட்டு எடுத்ததுபோல. தமிழும் கிட்டத்தட்ட அப்படியே.

"மிஸ் பொற்கொடி, உங்க விளக்கத்தைப் படிச்சேன். ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க. ஆனா ஒரு ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததால ரெண்டு பேர் நாவடி ஒண்ணாயிடும்னு சொல்றது ஏத்துக்கற மாதிரி இல்ல. லட்சக்கணக்கானவங்க கிட்ட சோதிச்ச பிறகுதான் இதை வெளியிட்டோம்."

"எந்த ஊர்ல மேடம் சோதிச்சீங்க?"

"எல்லாப் பெருநகரங்கள்லயும்."

"அங்க ஒரு பிள்ளைக்கு அப்பா ஒரு மாதிரி பேசுவார், டிவி ஒரு மாதிரி பேசும், ஒவ்வொரு வகுப்புலயும் ஒரு டீச்சர். எல்லாம் கலந்து ஆளுக்கு ஒரு தினுசா வரும். எங்களுக்கு அந்த வார்த்தைகளைச் சொல்லிக் காட்டின ஒரே வாய் சிங்காரம் சார் வாய்தான் மேடம். ஒரே வாத்தியார் இருக்கற ஊர்ல எல்லாரும் ஒரே ஆள்னா, உங்க கணக்குல எங்க ஊரே ஒரு ஆள்தான்."

மேடம் பேனாவை மூடினார்.

"இன்னைக்கு சாயங்காலத்துக்கு மேல எங்கம்மா என்கிட்ட சாப்டியான்னு கேக்க முடியாது மேடம்," என்றேன். வரிசையில் அது கடைசியாக வர வேண்டியது. முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"ஐ ஆம் ஸாரி. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு."

"நாங்க ரெண்டு பேரு மட்டும் இல்லீங்க மேடம்," என்றார் குழந்தைவேலு. "சாரு போகாத ஊரு இல்ல. எந்த ஹெட்மாஸ்டரும் ரெண்டு வருசத்துக்கு மேல அந்த டிரம்மைத் தாங்குனதில்லீங்க. காங்கேயம், முசிறி, துறையூரு, நடுவால பரமத்தி..."

மேடம் எழுந்துவிட்டார். "விசாரணை முடிஞ்சது. நீங்க போகலாம்."

போக முடியவில்லை. சுவரிலிருந்து தேன் குரல் பேசியது: "கவனிக்கவும். குழந்தைவேலு என்பவர் வெளியே போகாமலே இரண்டாம் முறை உள்ளே வந்திருக்கிறார். இது இயலாது. அறை பூட்டப்பட்டது. அதிகாரி ஒருவர் பதிவான நாவடி ஒன்றால் விடுவிக்கலாம். இல்லையேல் காவலர் அழைக்கப்படுவர்."

ஏ.சி.யும் நின்றது.

"நல்லவேளை, நீங்க உள்ள இருக்கீங்க மேடம்," என்றேன். கதவின் உட்பக்கம் 'அக்கவுன்டபிலிடி' என்று எழுத்துகள் மின்னின.

"பெஞ்சமின்!" என்று கூப்பிட்டார் மேடம். கதவு தடிமன். பெஞ்சமினுக்குக் கேட்கவில்லை. மேடம் கதவருகில் போய்ச் செய்திக் குரலில் படித்தார். நான்காவது அசையில், அகராதியில் உள்ளபடியே.

"அறிமுகமில்லாத குரல்," என்றது கதவு.

மறுபடியும் படித்தார். இன்னும் அழகாக இருந்தது.

"அறிமுகமில்லாத குரல். முந்தைய முயற்சியோடும் பொருந்தவில்லை."

"ஏனுங்க மேடம், உங்க கம்பெனிக் கதவு உங்களையே தெரியலைங்குது?" என்றார் குழந்தைவேலு. கிண்டலாக இல்லை, நிஜமான கவலையோடு.

மேடம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அவர் நெற்றியில் ஒரு முடி கலைந்து ஒட்டியிருந்தது. ஏன் அவருக்குக் கதவு திறக்க எப்போதும் ஓர் ஆள் வேண்டியிருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய ஆங்கிலம் பின்னால் காசு கொடுத்துக் கற்றது. தினமும் பார்த்துப் பார்த்து அயர்ன் பண்ணுகிற ஆங்கிலம். ஒரு நாள் போல் ஒரு நாள் மடிப்பு விழாது. மடிப்பு மாறினால் கதவுகளுக்கு ஆளும் மாறிவிடும்.

"காவலரை அழைக்கலாமா?" என்றது சுவர்.

மேடம் குனிந்தார். உயரமான செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். முதுகு நிமிர்ந்தது, தாடை உயர்ந்தது. அந்த நிலையை நான் பார்த்திருக்கிறேன்; காலை வெயிலில், மைதானத்தில்.

"அக்-கவுன்-"

இடது கால் விழுந்தது. தண்ணீர் பாட்டில் துள்ளியது.

"-டபிலிடி!"

கதவு அகலமாகத் திறந்தது.

"வருக, குழந்தைவேலு."

வெளியே காப்பித் தட்டோடு பெஞ்சமின் நின்றிருந்தார். வாய் திறந்தபடியே இருந்தது. குழந்தைவேலு தரையில் உட்கார்ந்து சிரித்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எந்தக் காரணத்தால் முதலில் வந்தது என்று வரிசைப்படுத்த முடியவில்லை.

"எந்த ஊருங்க மேடம்?" என்றேன்.

மேடம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். சலவை கலைந்த தமிழில் சொன்னார்: "பரமத்திங்க. பெரிய டிரம் அடிச்சவளே நாந்தான்."

அதற்கு மேல் அவரும் அடக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் பேனாவைத் திறந்து, நகல் பட்டியலில் என் பெயருக்கு மேலே தன் பெயரை எழுதினார்.

"வாங்க, மேல எங்க டைரக்டர் இருக்காரு. உங்களை நீக்குறதுக்கு முந்தி என்னை நீக்கட்டும். எங்க நாலு ஊரையும் நீக்கட்டும். பாத்துடலாம்."

"வேலை போயிடுமே மேடம்?"

"யாரு வேலைங்க? கதவைக் கேளுங்க, நான் குழந்தைவேலு."

டைரக்டர் அறைக்குப் போகும் வழியெங்கும் கதவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு நீண்ட வார்த்தை. நாங்கள் ஒவ்வொருவராகப் படித்தோம், ஒவ்வொன்றின் மேலும் நடந்தோம். கதவுகள் விடாமல் அதே பெயரைச் சொல்லி மூன்று மூன்று முறை வரவேற்றன. மேஜைகளிலிருந்து தலைகள் உயர்ந்தன. ஒரு மூலையில், கணினிக்குப் பின்னால் இருந்த வழுக்கைத் தலைக்காரர் ஒருவரின் இடது கால் தானாக ஆடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். எழுந்து வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார்.

பெஞ்சமின் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். "மேடம், காப்பி ஆறுது. இதுல யாரு மேடம் குழந்தைவேலு?"

"எல்லாருக்கும் குடு," என்றார் மேடம்.

நீக்கும் உத்தரவு நின்றுபோனது. அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டேன். மணி போயிற்று. எடுத்தாள். குறுக்கே எந்தக் குரலும் வரவில்லை.

"அம்மா, நான்தான்."

"இரு," என்றாள் அம்மா. எதற்கோ காத்திருந்தாள். பிறகு கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டாள்: "எங்கடி அந்தப் பொண்ணு? பாவம், இந்த வாரம் பூரா நம்ம கூடவே இருந்தா. அவ சாப்டாளான்னு நான் ஒரு நாள்கூடக் கேக்கலியே."